டிசம்பர் மாதத்து விறகு

ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தொன்பதாம் ஆண்டில் பாரிஸ் நகரில் வெளியான நூல்களிலேயே மிக ஒழுக்கமானது ஆன்செல்ம் குர்தான் எழுதியதுதான். 'கீழ்ப்படிதலின் இன்பம்' என்பது தலைப்பு. பன்னிரண்டு வருட உழைப்பு. "முழுவதும் படித்தேன், எவர் மனத்தையும் எவ்விதத்திலும் அசைக்கக்கூடிய எதுவும் இதில் இல்லை" என்று தணிக்கை அதிகாரி பொன்ஸ்லே கொடுத்த சான்றிதழ், விதிப்படி முதல் பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. புரட்டிப் பார்த்தவர்கள் அந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

"அறுநூறு பிரதியும் அப்படியே கிடக்கு. வருஷம் முடிஞ்சதும் வெண்ணெய் மடிக்கக் கொடுத்துடுவேன்" என்றாள் அச்சகக்காரி மதாம் லவினி.

"ஐயோ மதாம், ஒருத்தராவது படிக்கணும்னுதானே எழுதினேன்!"

"அரசாங்கம் தடைபோட்டு எரிச்ச புத்தகமெல்லாம் எப்படிப் போகுதுன்னு பாருங்க. பாதிரியாரே அங்கிக்குள்ள மறைச்சு வாங்கிட்டுப் போறார். ஒரு தடை வாங்கத் துப்பில்லை, என்கிட்ட வந்து அழறீங்க!"

அவள் சொன்னதில் தப்பில்லை. தடைசெய்த நூலைப் படிக்காதவனைப் பெரிய வீடுகளில் விருந்துக்கே அழைப்பதில்லை. குர்தான் மூச்சிரைக்கத் தணிக்கை அலுவலகத்துக்கு ஓடினார்.

"தடையா? நான் படிச்சு அனுமதி கொடுத்த புத்தகம்யா இது!" என்று சீறினார் பொன்ஸ்லே.

"படிச்சீங்களா ஐயா?"

பொன்ஸ்லே ஜன்னலைப் பார்த்தார். "படிச்சேன்னு சான்றிதழ்ல எழுதியிருக்கேனே."

வேறொரு நாளாக இருந்தால் குர்தானை வாசலோடு அனுப்பியிருப்பார். ஆனால் அன்று காலைதான் மேலிடத்துக் கடிதம் வந்திருந்தது. புத்தகம் எரிப்பதற்காக மாதந்தோறும் ஒதுக்கப்படும் விறகு டிசம்பரில் அதற்குச் செலவாகவில்லையென்றால், வரும் ஆண்டு ஒதுக்கீடு குறைக்கப்படும். அந்த விறகில்தான் பொன்ஸ்லே வீட்டில் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்.

"உட்காருங்க. ராஜாவைத் திட்டி ஒரு வரியாவது இருக்கா?"

"ஒண்ணுகூட இல்லை ஐயா."

"அப்ப மனசுக்குள்ள நிறைய இருக்குன்னு அர்த்தம்."

'அளவுக்கு மீறிய பணிவு ஆழ்ந்த சந்தேகத்துக்கு உரியது' என்று கோப்பு தயாரானது. அனுமதி கொடுத்தவரே அதைக் கண்டுபிடித்ததால், பொன்ஸ்லேயின் விழிப்புக்குப் பாராட்டும் வந்தது.

குறித்த நாளில் நீதிமன்றப் படிக்கட்டில் கூட்டம் நெரிந்தது. விதிப்படி தூக்குப்போடும் அலுவலரே புத்தகத்தைக் கிழித்து நெருப்பில் போட்டார். வழக்கமாக குமாஸ்தாக்கள் நிஜப் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பழைய வழக்குக் கட்டு எதையாவது எரிக்கக் கொடுத்துவிடுவார்கள். அன்று எரிந்தது நிஜப் புத்தகம்.

"ஏம்பா, யாரும் எடுத்துக்கலையா?" என்று கேட்டார் குர்தான்.

"நாலு பேர் எடுத்துப் பார்த்தோம் ஐயா. திரும்ப வச்சுட்டோம்" என்றார் தலைமை குமாஸ்தா, மரியாதையாக.

ஆனால் ஊருக்கு அது தெரியாதே. மூன்றே நாளில் அறுநூறு பிரதியும் தீர்ந்தன. ஒரு சீமாட்டி குர்தானை விருந்துக்கு அழைத்தாள்.

"மூணாவது அத்தியாயத்துல ராஜாவை என்ன கிழி கிழிச்சிருக்கீங்க!"

"மதாம், அது ராஜாவோட உடல்நலத்துக்கான பிரார்த்தனை."

"அடேயப்பா! அதையும் எவ்வளவு பூடகமா வச்சிருக்கீங்க!"

அடுத்த நாற்காலியில் இருந்தவர் போலீஸ் ஒற்றர். மறுநாளே கைது.

"புத்தகத்தைப் பிரிச்சுப் பாருங்க ஐயா!" என்று கதறினார் குர்தான். நீதிமன்றப் பிரதிதான் சாம்பலாகிவிட்டதே! வேறு பிரதியைப் பிரித்தால் நீதிமன்றமே தடையை மீறியதாகிவிடும். அதில் என்ன இருக்கிறது என்று சாட்சி சொல்ல, வாங்கிய அறுநூறு பேரையும் அழைத்தார்கள். வாங்கியவருக்கு மன்னிப்பு உண்டு, படித்தவருக்குத்தான் சிறை என்று நீதிபதி அறிவித்தார். சீமாட்டி முதலில் வந்தாள். பைபிளில் கைவைத்தாள்.

"சத்தியமா நான் படிக்கவே இல்லை."

அடுத்தவரும் அப்படியே சொன்னார். அதற்கடுத்தவரும். அந்த நகரத்தில் அறுநூறு பேர் வரிசையாக நின்று உண்மை பேசியது அதுவே முதல் முறை.

நீதிபதி தீர்ப்பை வாசித்தார். "ஒருவராவது படித்திருந்தால் குற்றம் நிரூபணமாகி, இவருக்கு ஆயுள் சிறை விதித்திருப்போம். எவரும் படிக்காததால் விடுதலை செய்கிறோம்."

குர்தான் கூண்டைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். விடுதலையான மகிழ்ச்சியில் அழுகிறார் என்று குறித்துக்கொண்டார் குமாஸ்தா.