இறக்கத்தில் ஏறும் சார்ஜ்

"உங்க கார்தான் தின்னுது."

"உன் ஏசி..."

"என் ஏசி என்ன பண்ணுச்சு? அது பாட்டுக்குச் செவுத்துல..."

"பதுளையில ஏசியப் போட்டுட்டு, குளிருதுன்னு கம்பளியும் போத்திக்கிட்டுத் தூங்குற ஒரே ஆள் நீதான்."

"ராத்திரி எந்திரிச்சுப் போய்க் காருக்கு வயர் ஒழுங்கா குத்தியிருக்கான்னு பாக்குற ஒரே ஆள் நீங்கதான்."

போனில் காத்திருந்த ஜேசனுக்குப் பொறுமை போய்விட்டது. பெற்றோர் வீட்டுக் கரண்ட் பில்லைக் கொழும்பிலிருந்து கட்டுகிறவன் அவன்தான்.

"ரெண்டு பேரும் நிப்பாட்டுங்க. அடுத்த மாச பில்லப் பாப்போம். கூடத் தின்னது எதுவோ, அதை நான் கொழும்புக்கு ஏத்திக்கிட்டு வந்துருவேன்."

அப்பா மத்தேயு கார் சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவரை மேனேஜர் துரையின் ஜீப்பில் பின்சீட்டில்தான் போய்வந்தார். ஓய்வுபெற்ற பிறகு வாங்கிய இந்தப் பழைய எலக்ட்ரிக் காரில்தான் முதன்முதலாக முன்னால் உட்கார்ந்தார். மனைவி கொரட்டிக்கோ, அந்த ஏசி கட்டாரிலிருந்து மகள் நிஷாலினி வாங்கிக் கொடுத்தது. அதைக் கழற்றினால் மகளையே கழற்றி அனுப்புகிற மாதிரி.

"கொரட்டி, பண்டாரவளை மலையிலிருந்து இறங்கும்போது காருக்குத் தானாவே சார்ஜ் ஏறுது, கவனிச்சியா?"

"ஏறும்போது?"

"ஏறும்போது இறங்குது."

"அப்ப என்ன பிரயோசனம்?"

"ஏறாம, இறங்க மட்டும் செஞ்சா?"

கொரட்டி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாளே மத்தேயு ஜீவராஜைப் பிடித்தார். மரக்கறி ஏற்ற, தினமும் காலையில் பண்டாரவளைக்கு வெறும் லொறியோடு ஏறுகிறவன் அவன். சின்ன லொறிதான், ஆனால் புதுசு. சத்தமே வராது. அவ்வளவு நன்றாக வைத்திருக்கிறான் என்று மத்தேயு ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார்.

"காரக் கயிறு கட்டி மேல இழுத்துட்டுப் போ. நான் தனியா இறங்கிக்கிறேன். கூலி எவ்வளவு?"

"கூலியெல்லாம் வேணாங்க ஐயா. லொறிய நிப்பாட்ட எடமில்ல. ஒங்க வீட்டுக்குப் பின்னால நிப்பாட்டிக்கிறேன். சார்ஜ் போட்டுக்க ஒரு ப்ளக் இருந்தா போதும்."

"விறகுக் கொட்டில்ல ஒண்ணு இருக்கு. தாராளமா போடு."

கேஸ் அடுப்பு வந்த பிறகு அந்தக் கொட்டில் பக்கம் வீட்டில் யாரும் போவதில்லை.

லொறிக்குப் பின்னால் கயிற்றில் ஆடியபடி மத்தேயுவின் கார் ஊர்வலம் போனது. அலவி கடையை விட்டு இறங்கியே வந்துவிட்டார்.

"என்ன சேர், வாகனம் பழுதா?"

"இல்ல அலவி. சார்ஜ் ஏத்தப் போறேன்."

"கரண்டு கம்பி ரோட்டுலயே போகுதே சேர். அதுக்கு ஏன் பண்டாரவளைக்கு?"

மத்தேயு வாயைத் திறப்பதற்குள் கயிறு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

வீட்டில் கார் வயர் சுருட்டி வைக்கப்பட்டது. போட்டியில் தோற்கக்கூடாது என்று கொரட்டியும் ஏசியை நிறுத்திவிட்டாள். தோட்டத்தில் காலைப் பெரட்டில் நிற்கும் ஆட்களை எண்ணிய பழக்கத்தில் மத்தேயு தினமும் காலையில் ப்ளக்குகளுக்குப் பெரட்டு எடுத்தார்.

"ஏசி?"

"போடல."

"கார்?"

"நீங்கதான சொல்லணும்."

"குத்தல. பிரிட்ஜ்?"

"அதைக் கேட்டா அது எங்கிட்டதான் சொல்லும். ஓடுது."

ஆனால் மீட்டர் ஏறிக்கொண்டே போனது. அது மட்டுமல்ல. பதுளைக்கு இறங்கும்போது நிறைந்திருந்த காரின் சார்ஜ், சாயங்காலம் பார்த்தால் காய்ந்து கிடந்தது. ஒரு நாள் மத்தியானம் மத்தேயு எட்டிப் பார்த்தார். காருக்குள் சீட்டைச் சாய்த்துப் போட்டு, கம்பளியும் போர்த்திக்கொண்டு கொரட்டி.

"என்ன பண்ற?"

"கதவச் சாத்துங்க, குளிர் போகுது."

"கார் ஏசியிலயா தூங்குற?"

"வீட்டு ஏசியப் போட்டா என் கணக்கு. இது ஒங்க கணக்கு. அதுவும் இல்ல, பண்டாரவளைக் கணக்கு. இனாமாதான இறங்கி வருது?"

மத்தேயு கார் கதவைச் சாத்தினார். இனாம் என்று சொன்னவர் அவர்தான். ஜீவராஜிடம் போய் நின்றார்.

"இனிமே சாயங்காலமும் ஒரு தடவை இழுக்கணும்பா."

"ரெண்டு தடவையா? அப்பப் பகல்லயும் சார்ஜ் போடணுமே ஐயா."

"போடு, போடு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் போன்ல என்னதான் இருக்கோ."

"போன்லதாங்க ஐயா ஓட்டமெல்லாம் வருது," என்றான் ஜீவராஜ் பணிவாக.

மாதம் முடிந்தது. பில்லைப் பார்த்த ஜேசன் போன் பண்ணவில்லை. ஒரு வேனோடு நேரில் வந்து இறங்கினான்.

"போன மாசத்தைப் போல ரெண்டு மடங்கு. எது தின்னுச்சுன்னு எனக்குத் தெரிய வேணாம். ரெண்டையும் ஏத்துறேன்."

பல வருடங்களுக்குப் பிறகு மத்தேயுவும் கொரட்டியும் ஒரே பக்கம் நின்றார்கள்.

"தம்பி, ஏசி ஒரு மாசமா அணைஞ்சு கெடக்கு. வந்து தொட்டுப் பாரு."

"கார் வயர்ல சிலந்தி கூடு கட்டியிருக்குடா. மீட்டர வந்து பாரு. ஓடாது."

மூன்று பேரும் மீட்டருக்கு முன்னால் நின்றார்கள். சக்கரம் பம்பரம் மாதிரி சுற்றியது. கொரட்டி மத்தேயுவின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எங்கயோ இன்னொரு வயர ஒளிச்சு..."

"நீதான் அறைக்குள்ள இன்னொரு ஏசி..."

"அம்மா, அப்பா, போதும். மெயினையே அணைச்சுப் பாத்துருவோம்."

ஜேசனின் கை சுவிட்சுக்குப் போனது. விறகுக் கொட்டிலுக்குள்ளிருந்து ஜீவராஜ் பதறிக்கொண்டு ஓடிவந்தான்.

"தம்பி, அணைச்சிறாதீங்க. லொறிக்கு இன்னும் பாதிதான் சார்ஜ் ஏறியிருக்கு. அதை வச்சுக்கிட்டு ஐயா கார எப்படிப் பண்டாரவளைக்கு இழுக்குறது?"