மேசை மன்னரும் அரசாணை அறுபத்து மூன்றும்

பதினேழு லட்சத்து நாற்பதாயிரம் பேர். இது செம்மலின் குடிமக்கள் தொகை, குதிரைகள் தனி. வயது முப்பத்தாறு, தனியார் பாலிடெக்னிக் ஒன்றில் வாத்தியார் வேலை, மச்சுவாடியில் வாடகை வீடு. அந்த வீட்டில் ஃபேன் மூன்றில் ஓடுவதா நான்கில் ஓடுவதா என்று தீர்மானிக்கும் அதிகாரம்கூட அவருக்குக் கிடையாது. ஆனால் ஞாயிறு காலை பத்தரை அடித்துவிட்டால் அவர் மன்னர்.

வாசகரே, இந்த இனத்துக்கு மேசை மன்னர் என்று பெயர். பார்க்க நம்மைப் போலவே இருக்கும். பக்கத்தில் போனால்தான் தெரியும், பேச்சுக்கு நடுவே 'என் வடக்கு மாகாணம்' என்று ஒரு சொல் வந்து விழும்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடம். மேசையைச் சுற்றி நாலு பேர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, 'நான் கதவை உடைக்கிறேன்', 'நான் பூதத்தின் காலை வாருகிறேன்' என்பார்கள். கதவு உடைந்ததா, பூதம் விழுந்ததா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும்; எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஜெயம். அவ்வளவுதான். கீழராஜவீதியில் இசைவாணியின் ஜெராக்ஸ் கடை மாடியில் மூன்று வருடமாக இது நடக்கிறது. கதை நடத்துவது இசைவாணி. செம்மலும், பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார் ஜெரால்டும், மந்திரவாதி வேடத்தில் பாலாஜியும் ஆட்டக்காரர்கள்.

முதல் இரண்டே முக்கால் வருடம் வெட்டு, குத்து, புதையல். பிறகு மூவருமாக ஒரு கொடுங்கோலனைக் கொன்று ஒரு நாட்டைப் பிடித்தார்கள். ஜெரால்டு, "அடுத்த பூதம் எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டார். செம்மல் வரைபடத்தின் மேல் குனிந்து, "இந்த வாய்க்கால் யார் பராமரிப்புல வருது?" என்று கேட்டார்.

முடிந்தது. அந்த நொடியில் ஒரு மேசை மன்னர் பிறந்துவிட்டார். வாளை உறையில் போட்டவர் பேனாவைத் திறந்தார். பேனாவுக்குப் பின்னால் பதிவேடு வந்தது, பதிவேட்டுக்குப் பின்னால் இசைவாணியின் கடையிலேயே செய்த, தானே மை கக்கும் ராஜமுத்திரை ரப்பர் ஸ்டாம்பு வந்தது. அதற்குப் பின்னால் வாய்க்கால் வாரியம், கழுதை வரி, கழுதை வரி விலக்கு, விலக்குப் பெறத் தகுதியுள்ள கழுதைகளைக் கண்டறியும் குழு என்று ஆட்சி பூத்துக் குலுங்கியது. பதினோரு வாரமாக யாரும் யாரையும் வெட்டவில்லை.

"சண்டை எப்ப வரும்?" என்பார் பாலாஜி.

"தீர்மானம் நிறைவேறட்டும்" என்பார் மன்னர்.

அது போதாதென்று மாதம் ஒரு மனு நாள். டோக்கன் முறை. டோக்கனை அறிமுகப்படுத்திய பெருமையும் செம்மலுக்கே. இசைவாணிக்கோ மனு எழுதுவதுதான் வாரம் முழுக்கத் தொழில்; கலெக்டர் ஆபீஸ் போகிறவர்களில் பாதிப் பேர் அவர் கடையில் டைப் அடித்துக்கொண்டுதான் போகிறார்கள். ஆகவே மன்னரிடம் வந்த மனுக்கள் சொக்கத் தங்கம்.

"ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் மனைவி, இரு குழந்தைகளுடன் வசித்து வருகிறேன். எங்கள் ஊர் மலையில் கடந்த மூன்று மாதங்களாக ஒரு டிராகன் அனுமதியின்றிக் குடியிருந்துகொண்டு நெருப்பு கக்கி வருகிறது. மேற்படி டிராகனை அப்புறப்படுத்தித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

டோக்கன் எண் நாற்பத்தொன்று. மன்னர் மூன்று முறை படித்து ரசித்தார். பிறகு, மலை எந்த இலாகாவில் வருகிறது என்று ஆராய ஐவர் குழு அமைத்து, 'பரிசீலனையில் உள்ளது' என்று முத்திரை குத்தினார்.

இனி அரசாணை அறுபத்து மூன்று. பள்ளி விளையாட்டு விழா காரணமாக ஜெரால்டு இரண்டு ஞாயிறு வரவில்லை. மேசை மன்னர் எதைப் பொறுத்தாலும் பொறுப்பார், சபைக்கு வேண்டிய ஆள் கணக்கு, அதாவது 'கோரம்', இல்லாததைப் பொறுக்கமாட்டார். எழுதினார்: 'ஞாயிறு காலை பத்தரைக்குள் மேசைக்கு நேரில் வராதவரின் பதவி, வந்திருப்பவர்களில் வயதில் மூத்தவருக்குப் போகும்.' ஜெரால்டு முறைத்தார். உடனே செம்மலுக்குள் இருந்த நீதிமான் விழித்துக்கொண்டு, 'மன்னர் உட்பட' என்று சேர்த்து, அடியில் இரண்டு கோடும் இழுத்தார். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார். முப்பத்தெட்டு பேர் பார்த்தார்கள்.

அதே வாரம் தங்கை அன்புமொழி ஆவுடையார்கோவிலில் இருந்து மூன்று முறை போன் செய்திருந்தார். மூன்று முறையும் செம்மல் கழுதை வரியில் மூழ்கியபடி "ம்" என்றார். அந்த மூன்று 'ம்'மில் தங்கை மகளுக்குக் காதுகுத்து முடிவாகி, மண்டபம் பிடித்து, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. ஞாயிறு, காலை பத்தே காலிலிருந்து பதினொன்றுக்குள்.

பத்திரிகையைப் பார்த்ததும் மன்னர் தங்கைக்குப் போன் போட்டார்.

"அன்பு, மூணு மணிக்கு வைக்கக் கூடாதா?"

"தாய்மாமன் மடியில வச்சுத்தாண்ணே காது குத்தணும். ஒன் மடி மட்டும் வந்தாப் போதும். மூளைய வேணும்னா அங்கயே வச்சுட்டு வா."

சனிக்கிழமையே அவர் சட்டத்தை ரத்து செய்திருக்கலாமே என்பீர்கள். முடியாது. ரத்து செய்யச் சபை கூட வேண்டும். சபை ஞாயிறுதான் கூடும். அதுவும் அவர் போட்ட ஆணைதான், எண் பத்தொன்பது.

ஞாயிறு. பட்டு வேட்டி, மடியில் ஒரு வயதுக் குழந்தை, எதிரே ஊசியோடு ஆசாரி, தாம்பாளத்து வாழைப்பழச் சீப்பில் சாய்த்து வைத்த செல்போன். சட்டைப்பையில் ராஜமுத்திரை. மணி பத்து இருபத்தொன்பது.

"வாணி, நான் ஆஜர். எழுதிக்கம்மா!"

திரையில் ஜெரால்டு பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "நேரில்னு போட்டுருக்கு மாப்ள."

"இது நேர்தானே? மூஞ்சி தெரியுதுல்ல?"

"பின்பக்கக் கேமரா ஓடுது. வாழப்பழந்தான் தெரியுது."

"அவசரச் சட்டம் போடுறேன்! அறுபத்து மூணு ரத்து!"

"முத்திரை குத்தணும்ண்ணே" என்றார் இசைவாணி. "பதிவேடு இங்கிட்டு இருக்கு. முத்திரை எங்க?"

செம்மல் சட்டைப்பையைத் தொட்டார். நடுவில் நாற்பத்தைந்து கிலோமீட்டர். அந்த வினாடி ஒரு மாமன்னரின் முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை.

"அண்ணே, போன வச்சுட்டுப் புள்ளையப் புடி!"

"ஒரு நிமிஷம் அன்பு, நாடு போகுது!"

"எந்த நாடு?" என்று ஆசாரி கேட்டார்.

மணி பத்து முப்பத்தொன்று. இசைவாணி குரலைத் தாழ்த்தினார். வடக்கு மலையிலிருந்து ஏதோ எழும்புகிறது, வானம் சிவக்கிறது, மேற்படி டிராகன் அரண்மனையை நோக்கி வருகிறது. "மன்னர் என்ன செய்யப் போறீங்க?"

"ஐவர் குழுவக் கூப்பிடு!" என்று ஆவுடையார்கோவிலில் இருந்து ஒரு குரல் கதறியது.

"ஒங்களக் கேக்கலண்ணே. மன்னரக் கேட்டேன்."

"படையெடு!" என்றார் ஜெரால்டு மன்னர். பதினோரு வாரமாக மந்திரம் போடாத பாலாஜி நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். பகடை உருண்டது. இருபது! மாடியே அதிர்ந்தது. டிராகன் விழுந்தது. விழுந்த இடம் செம்மலின் அரண்மனை. பதிவேட்டு அறை உட்பட.

இங்கே மண்டபத்தில் ஊசியும் இறங்கியது. குழந்தை வீறிட்டது, மாமனின் சட்டைப்பையைப் பற்றி இழுத்தது, கைக்குக் கிடைத்ததை அவர் கன்னத்தில் ஓங்கி ஒரு அழுத்து அழுத்தியது. போட்டோகிராபர் அந்த நேரம் பார்த்துத்தான் அமுக்கினார். சிங்கமும் இரண்டு வாளுமாக ஊதா நிறத்தில் அந்தக் கன்னம் இப்போது ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

சரி, டிராகன் செத்தது, இனி ஒவ்வொரு வாரமும் சண்டைதான் என்று பாலாஜி சந்தோஷப்பட்டார். பாவம். ஜெரால்டு மன்னர் சிம்மாசனத்தில் சாய்ந்தார், வரைபடத்தைப் பக்கத்தில் இழுத்தார், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார்.

"வாணி, இந்த வாய்க்கால்ல ஏன் தண்ணி வரல?"

ஆகவே, வாசகரே, சிரித்தது போதும். உங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு நீங்கள் அட்மினா? 'காலை வணக்கம் படங்கள் தவிர்க்கவும்' என்று எண் போட்டு விதி எழுதியவரா? வீட்டில் யாரோ தேதி சொன்னபோது 'ம்' என்றீர்களா? எதற்கு என்று நினைவிருக்கிறதா? போய் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

வரும் ஞாயிறு மனு நாள். வீடிழந்த முன்னாள் மன்னர் செம்மல் இருப்பிடம் வேண்டி இசைவாணியிடம் மனு டைப் அடித்து வைத்திருக்கிறார். டோக்கன் எண் ஐம்பத்திரண்டு.