நாடு என்ற இடத்தில்

“சார், உங்க பயோவுல நேஷனாலிட்டி ப்ளாங்க்கா இருக்கு. ஜல்தி சொல்லுங்க, ப்ரெஸ்காரர் வெயிட்டிங்,” என்றாள் ஷ்வேதா ஃபோனில்.

டெல்லி லோதி ரோடில் நடக்கவிருந்த மொழிபெயர்ப்பாளர் மாநாட்டுக்கு அவள்தான் எல்லாம். ஜனக்புரியில் பிறந்த தமிழ்ப்பெண். தமிழ் சரளமாகப் பேசுவாள். படிக்கச் சொன்னால் மட்டும் வேறு வேலை வந்துவிடும்.

“அது காலியாவே இருக்கட்டும்மா,” என்றார் பேச்சாளர்களில் ஒருவரான ஜோதிலிங்கம்.

அவருக்கு அங்கே எழுத ஒன்றுமில்லை. அப்பாவும் அம்மாவும் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். அவர் பிறந்தது மண்டபம் அகதி முகாமில். இந்தக் கரை அவரை அந்தக் கரை ஆள் என்றது. அந்தக் கரையில் அவர் பெயரே பதிவாகவில்லை. இந்தியக் குடியுரிமை கேட்டு மனுப் போட்டு எட்டு வருடம். நான்கு மொழி தெரிந்தவர் என்பதால், ‘பரிசீலனையில் உள்ளது’ என்பது நான்கிலும் மனப்பாடம்.

மறுநாள் புரூஃப் வந்தது: ‘ஜோதிலிங்கம், இந்தியர்.’

இல்லாத குடியுரிமையை அச்சில் போட்டுக்கொண்டதாக யாராவது எடுத்துக் காட்டினால், எட்டு வருட மனு அதோடு சரி.

“இந்தியன்னு போடாதம்மா.”

“ஏன் சார், தமிழ்தானே பேசறீங்க?”

“அப்பாவுக்கு மன்னார்...”

“அச்சா, அச்சா. புரிஞ்சிடுச்சு.”

எவ்வளவு புரிந்தது என்பது சாயங்காலம் தெரிந்தது. ‘இலங்கையர்’ என்று மாற்றி, வெளிநாட்டு விருந்தினர் பட்டியலிலும் சேர்த்துவிட்டாள். ஹோட்டல் அறை தயார், பாஸ்போர்ட் நகல் அனுப்பவும். மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவில் வருகிறவரை அழைத்துவர விமான நிலையத்துக்குக் கார் போகுமாம்.

‘அங்கேதான் குடிமகனாச்சே, இங்கே எதற்கு?’ என்று மனுவில் அதிகாரி ஒரு வரி எழுத இது போதும்.

“ஷ்வேதா, பேரு, புத்தகம், டெல்லியில் வசிக்கிறார். அவ்வளவு போதும். நாட்டை எடுத்துடு.”

“உங்களுக்கு மட்டும் எடுத்தா நல்லாருக்காது சார். டைரக்டரைக் கேக்கணும். என்ன ரீசன் சொல்லட்டும்?”

உண்மையைச் சொல்லக் கூச்சம். “எழுதறவனுக்கு நாடு எதுக்கும்மா?” என்றார். சமாளிப்பதில் அவர் என்றுமே கெட்டிக்காரர் இல்லை. அன்றைக்குப் பார்த்து நன்றாக வந்து தொலைத்தது.

டைரக்டர் சொக்கிப்போனார். முப்பத்திரண்டு பேச்சாளர்களின் நாடுகளும் ஒரே இரவில் பறிபோயின.

மாநாட்டில் தலைமை தாங்கிய சேஷன் மைக்கைப் பிடித்தார். “உலகமே பாஸ்போர்ட்டுக்கு வரிசையில நிக்குது. இங்க ஒருத்தர் எனக்கு நாடே வேண்டாம்னு தூக்கி எறிஞ்சிருக்கார்.”

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. கடைசி வரிசையில் ஒருவர் மட்டும், மடியில் கலாகந்த் ஸ்வீட் டப்பாவோடு, உட்கார்ந்தே இருந்தார்.

ஜோதிலிங்கம் எழுந்தார். “அப்படி இல்லைங்க. தூக்கி எறிய எனக்கு அது இருந்ததே இல்ல.”

“கேட்டீங்களா?” என்றார் சேஷன். “பிறவியிலேயே பற்றில்லாதவர்.”

கைதட்டல் இரண்டு மடங்காயிற்று. தோளில் சால்வை விழுந்தது. அவருக்குக் கண் கலங்கியது. “அப்படியே இருங்க சார், நல்லாருக்கு,” என்றார் ஃபோட்டோகிராஃபர்.

டீ இடைவேளையில் கலாகந்த் டப்பா அவரைத் தேடி வந்தது.

“வைத்தி. குடியுரிமை மனு பாக்கிற செக்ஷன்ல கிளார்க். உங்க புத்தகமெல்லாம் படிச்சிருக்கேன் சார். ஏன் குடியுரிமை வேணும்னு மனுவோட ரெண்டு பக்கம் வெச்சிருந்தீங்களே, அதைத்தான் அதிகத் தடவை படிச்சேன்.”

ஜோதிலிங்கம் டீயைக் கீழே வைத்தார்.

வைத்தி டப்பாவின் நூலை அவிழ்க்கப் போய், திரும்பவும் முடிச்சுப் போட்டார்.

“நேத்துதான் சார் உங்க குடியுரிமைக்குக் கையெழுத்தாச்சு, முதல்ல நான்தான் சொல்லணும்னு லீவு போட்டுட்டு வந்தேன்... இப்ப மனு வாபஸ்னு எழுதிடட்டுமா?”