காவல்காரனைக் கண்டுபிடித்தது நான்தான்

இயேசு மரி சூசை துணை

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
22.06.1998

மதிப்புக்குரிய செபஸ்தியன் மச்சான் அறிவது,

இங்கு நானும் உங்கள் தங்கை இமெல்டாவும் மாதாவின் காவலில் சுகம். அங்கு நீங்களும் மேபல் அக்காவும் பிள்ளைகளும் சென்ற குளிருக்குத் தப்பிச் சுகமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். இந்தக் கடிதத்தை இடையில் யாராவது பிரித்து வாசித்தால் அவர்களுக்கும் என் வணக்கம். இதில் நாட்டு நடப்பு ஒன்றுமில்லை, முழுக்க வீட்டு நடப்பு.

மச்சான், சென்ற நவம்பரில் உங்கள் சொல்லைக் கேட்டுத்தான் முன்னறையைச் சண்முகலிங்கம் மாஸ்டருக்குக் கொடுத்தேன். “தங்கமான மனுசன், மனிசி இஞ்ச எங்கட தெருவிலைதான் இருக்கிறா, விசா வருமட்டும் ஒரு ரெண்டு மாசம்” என்று போனில் சொன்னது நீங்கள். எட்டாவது மாதம் நடக்கிறது. தப்பாக ஒன்றும் நினைக்காதீர்கள். மாஸ்டர் குடிப்பதில்லை, புகைப்பதில்லை, குளித்தால் குளியலறையைத் துடைத்துவிட்டு வருகிறார், இமெல்டாவை “அக்கா” என்றுதான் கூப்பிடுகிறார். குறை சொல்ல ஒன்றுமே இல்லாத மனிதரோடு ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு கரைச்சல் என்று இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

வினை புத்தகத்தில் வந்தது. யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்த மனிதர், விசாவுக்குக் காத்திருந்து அலுத்துப்போய், வெள்ளவத்தையில் நிலாமின் பழைய புத்தகக் கடைக்குப் போய் நாலு இங்கிலீஷ் புத்தகம் வாங்கி வந்தார். ஒவ்வொன்றும் தலையணை மொத்தம். தமிழில் ‘சாம்பல் மகுடம்’ என்று சொல்லலாம். ராணி, மந்திரவாதி, பேசும் கழுகு, கடலுக்கடியில் பழைய தெய்வங்கள், எல்லாம் இருக்கிறது. ஐந்தாவதும் கடைசியுமான பாகத்தை ஆசிரியர் இன்னும் எழுதி முடிக்கவில்லையாம். அந்த நாட்டில் மந்திரம் எங்கிருந்து வருகிறது என்பதை நாலு பாகத்திலும் அவர் சொல்லவில்லை. அதை வாசிக்கிறவர்கள்தான் தங்கள் பாட்டில் கண்டுபிடிக்க வேண்டுமாம். கன்னியர் மடத்தில் படித்த காலத்துக்குப் பிறகு ஜெபப் புத்தகத்தையும் சமையல் குறிப்பையும் தவிர வேறொன்றும் கையில் எடுக்காத உங்கள் தங்கை, மாஸ்டர் மேசையில் விட்டுப்போன முதல் பாகத்தை ஒருநாள் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே பிரித்தாள். அன்றோடு போயிற்று மச்சான் என் வீடு.

நான் ஐந்தரைக்குத் துறைமுகக் கந்தோரில் வேலை முடிந்து வந்தால் இருவரும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே இருப்பார்கள். நடுவில் இவள் குறிப்பெழுதும் ஒரு கொப்பி. “மாஸ்டர், மந்திரம் சொல்லேக்குள்ள ஒவ்வொரு தரமும் அவைக்கு ஒரு ஞாபகம் அழியுது. அதாலதான் ராணி இத்ரா பெத்த பிள்ளையையே மறந்தவ. அந்தக் குருட்டுக் கொல்லன்தான் அவவின்ர மகன்” என்பாள் இவள். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அக்கா, இது எனக்கு ஓடவே இல்லை” என்பார். இருபத்தேழு வருடக் கலியாணத்தில் நான் சொன்ன ஒன்றுக்காவது இவள் முகம் அப்படி மலர்ந்திருக்குமா? துறைமுகத்தில் கப்பலை மாற்றிக் கட்டிய கதையை நான் சொன்னால் “ம்” என்பாள். செத்துப்போன மந்திரவாதி ஓர்வின் உண்மையில் சாகவில்லை என்று மாஸ்டர் சொன்னால் அகப்பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வருவாள். அறக்குளா மீனில் நடுத்துண்டு எப்போதும் என் சாப்பாட்டுக் கோப்பைக்குத்தான் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். மார்ச் மாதத்திலிருந்து அது மாஸ்டர் கோப்பைக்குப் போகிறது. கேட்டால், “அவர் யோசிக்கிற மனுசன், பாவம்” என்கிறாள். அப்படியானால் நான் என்ன மச்சான், யோசிக்காமலா இருபத்தொன்பது வருடம் கிளாக்கர் வேலை பார்த்தேன்?

பொறாமை என்று நீங்கள் சொல்வீர்கள். ஓம், பொறாமைதான். மறைக்க என்ன இருக்கிறது?

ஆனபடியால் நானும் வெள்ளவத்தைக்கு ரயில் ஏறினேன். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் நொவினாச் செபத்துக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு நிலாமின் கடைக்குப் போனேன். நிலாம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீங்களுமா? இந்தப் புத்தகத்தைக் கேட்டு இதுவரைக்கும் ஒரு யாழ்ப்பாணத்து மாஸ்டர் மட்டுந்தான் வந்தவர். ரெண்டு பேரும் சொந்தமா?” என்று கேட்டார். “இல்லை” என்று கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டேன். அவரிடம் மிஞ்சியிருந்த இன்னொரு தொகுதியைக் கடையின் பின்பக்கத்தில் ஒரு முக்காலியில் இருந்து, செவ்வாய் செவ்வாயாய், நாலு பாகத்தையும் வாசித்து முடித்தேன். அந்தோனியார் காணாமற்போன பொருளைத் தேடித் தருகிறவர். நான் தேடியது என் பெண்சாதியைத்தான் என்பதால் கோபிக்க மாட்டார்.

அங்கேதான் மச்சான், நான் அதைக் கண்டுபிடித்தேன். அரண்மனை வாசலில் ஒரு காவல்காரன் நிற்கிறான். பெயர் இல்லை. முதலாம் பாகத்தில் கதவு திறக்கிறான், மூன்றாம் பாகத்தில் ராணிக்கு விளக்குப் பிடிக்கிறான், நாலாம் பாகத்தில் மழையில் நனைகிறான். ஒருவரும் அவனோடு ஒரு சொல் கதைப்பதில்லை. ஆனால் அவன் வாசலில் நிற்கிற நாட்களில் மட்டும்தான் இத்ராவின் மந்திரம் பலிக்கிறது! அவன் காய்ச்சலில் படுத்த மூன்று நாளும் அவளால் ஒரு மெழுகுதிரியைக்கூட ஏற்ற முடியவில்லை. மந்திரம் முழுக்க அவனிடமிருந்துதான் வருகிறது. இதை வாசித்த இடத்தில் நான் முக்காலியை விட்டு எழும்பிவிட்டேன். நிலாம் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து சொன்னேனா? சொல்லவில்லை. சொன்னால் நொவினா பொய் வெளிவரும். இருவரும் தெய்வம், கழுகு என்று பிழையான திசையில் அலைவதைப் பார்த்துக்கொண்டு நான் சோற்றைப் பிசைந்தேன். அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது.

போன ஞாயிறுக்கு முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்து நாங்கள் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பொலிஸ்காரர் தெருவைச் சுற்றி வளைத்து வீடு வீடாகப் பார்த்து வந்தார்கள். எங்களுக்கு இது புதிதல்ல, பொலிஸ் பதிவுப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். இளவயது இன்ஸ்பெக்டர் ஒருவர், இரண்டு கொன்ஸ்டபிள்கள். படிவத்தில் மூன்று பேர், வீட்டில் மூன்று பேர், அடையாள அட்டை மூன்று, எல்லாம் சரி. போகத் திரும்பிய மனிதரின் கண்ணில் மேசையில் கிடந்த கொப்பி பட்டது. இமெல்டாவின் மணியான இங்கிலீஷ் கையெழுத்து. மூன்று நிரல் போட்டு, உயிரோடு இருப்பவர், இறந்தவர், ஒளித்திருப்பவர் என்று தலைப்பும் எழுதி, கதையில் வரும் இருபத்து மூன்று பேரை எழுதியிருக்கிறாள் உங்கள் தங்கை. கொல்லனுக்குப் பக்கத்தில் ‘தண்ணீர்த் தாங்கிக்குக் கீழ்’ என்று வேறு.

இன்ஸ்பெக்டர் படிவத்தையும் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று பேரைப் பதிந்துவிட்டு இருபத்து மூன்று பேரை எங்கே வைத்திருக்கிறோம் என்று சிங்களத்தில் கேட்டார். ஒரு கொன்ஸ்டபிள் எங்கள் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே ஊர்ந்து போய், பக்கத்து வீட்டு டோரினின் பூனையோடு வெளியே வந்தான். “கோ ஓர்வின்?” என்றார் இன்ஸ்பெக்டர். ஓர்வின் எங்கேயாம்! இமெல்டா செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு, “எயா மெரிலா, சேர்” என்று சிங்களத்தில் சொன்னாள், அவர் செத்துப்போனார் என்று. அத்தோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்காமல் மாஸ்டர், “அக்கா, ஓர்வின் செத்தது இன்னும் நிச்சயமில்லையே” என்றார். இன்ஸ்பெக்டர் சட்டென்று மாஸ்டர் பக்கம் திரும்பினார். அவருக்குத் தமிழ் நன்றாக விளங்கும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

“இந்தக் கொப்பி யாரோடது?” என்று தமிழிலேயே கேட்டார்.

மாஸ்டரின் முகம் வெளிறிப் போயிற்று. யாழ்ப்பாணத்து அடையாள அட்டை, சந்தேகப்பட அதுவே போதும். அவர் தன்னுடையது என்றால் ஜீப்பில் ஏற்றுவார்கள், எப்போது இறக்குவார்கள் என்று தெரியாது, விசாவும் அத்தோடு சரி. மச்சான், உங்களிடம் ஒளிக்க மாட்டேன். ‘இவரோடது’ என்ற ஒரு சொல் என் நுனி நாக்குவரை வந்தது. அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் என் மேசை, என் மீன் துண்டு, என் பெண்சாதி எல்லாம் எனக்குத் திரும்பி வந்திருக்கும். அப்படி நினைத்த என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. “என்னோடது சேர். கதைப் புத்தகத்தைப் பற்றி எழுதினது” என்றேன்.

“அப்ப சொல்லுங்க, என்ன கதை?”

சொன்னேன். இத்ராவிலிருந்து கழுகுவரை ஒன்றும் விடாமல் சொன்னேன். பயத்தில் தொடங்கிய வாய் பிறகு நிற்கவில்லை. மந்திரம் காவல்காரனிடமிருந்துதான் வருகிறது என்ற இடத்துக்கு நான் வந்ததும், கையில் செபமாலையோடு நின்ற இமெல்டா, “இஞ்சருங்கோ, என்ன விசர்க்கதை கதைக்கிறீங்கள்? அவனுக்குப் பேரே இல்லையே!” என்றாள். “பேர் இல்லாதபடியாத்தான் அவன்!” என்றேன். “கடலுக்குக் கீழ இருக்கிற தெய்வங்களை அப்ப எங்க கொண்டுபோய் வைக்கிறது?” “நீர் அதுகளைத் தூக்கிக் குப்பையில போடும்!” இன்ஸ்பெக்டர் நடுவில் நிற்பதையே இருவரும் மறந்துவிட்டோம். பத்து நிமிடம் இருக்கும். அவர் கொப்பியை மேசையில் வைத்துவிட்டு, படிவத்தின் ஓரத்தில் ‘வசிப்போர் மூவர், மற்றவர்கள் புத்தகத்தில்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். போகும்போது என்னிடம் மெல்ல, “அங்கிள், உங்க நோனா சொல்றதுதான் சரிபோல” என்றார். அவருமா!

அவர்கள் போனபிறகு இமெல்டா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நாலும் வாசிச்சனீங்களோ?” “ஓம்.” “எப்ப?” “செவ்வாய்க்கிழமையளில.” நொவினாப் பொய்க்காக இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தாள். “சரி, அந்தக் காவல்காரனைப் பற்றிச் சொல்லுங்கோ” என்றாள். மச்சான், அந்த ஒரு பின்னேரம் நான் ராசாவாக இருந்தேன்.

ஒரேயொரு பின்னேரம்தான். அடுத்த நாள் மாஸ்டர் என் கண்டுபிடிப்பை முழுதாக ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டவர் சும்மா இருந்தாரா? பௌதிகம் படித்த மூளையல்லவா, காவல்காரன் நின்ற நாட்களையெல்லாம் எண்ணி, அட்டவணை போட்டு, நான் காணாத ஏழு இடங்களையும் கண்டுபிடித்து, அதை எங்கேயோ கொண்டுபோய்விட்டார். மூன்று இரவு அவரோடு சண்டை பிடித்தும் பார்த்தேன். நேற்று இமெல்டா மதிலுக்கு மேலால் டோரினுக்குச் சொல்கிறாள்: “மாஸ்டர் ஒரு காவல்காரன்ர கதை சொல்லுறார், கேட்டா மயிர் கூச்செறியும்!” மாஸ்டர் சொல்லுகிறாராம்! மீன் துண்டு போனதைப் பொறுத்தேன். காவல்காரன் போனதை என்னால் பொறுக்க முடியாது.

ஆகவே உங்களைக் கும்பிட்டுக் கேட்பது இதுதான். அங்கே யாரைப் பிடிக்க வேண்டுமோ பிடித்து, எந்தக் கந்தோரில் ஏறி இறங்க வேண்டுமோ இறங்கி, மாஸ்டரின் மனிசியையும் கூட்டிக்கொண்டுபோய், இந்த மனிதரின் விசாவை உடனே எடுத்து அனுப்புங்கள். இவர் போனால்தான் நான் இந்த வீட்டில் ஒரு ஆளாக இருப்பேன். மேபல் அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளின் நெற்றியில் எனக்காகச் சிலுவை போட்டுவிடுங்கள். திருக்குடும்பத்தின் ஆசீர் உங்கள் வீட்டை விட்டு விலகாதிருப்பதாக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
ஹியூபேட்

பி.கு. கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் தபால்காரன் வந்தான். மாஸ்டருக்கு விசா வந்துவிட்டது. வியாழக்கிழமை பயணம். இமெல்டா கைதட்டிச் சிரித்தாள். நான் “நல்லது, நல்லது” என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே வந்தபோது அவர் அந்த அட்டவணையை என் கையில் தந்து, “ஹியூபேட் அண்ணை, உங்களைப் போல என்னோட சண்டை பிடிக்க அங்க ஆர் இருக்கினம்?” என்றார். நான் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மச்சான், மேலே எழுதியதை எல்லாம் வெட்டிவிட்டு வாசியுங்கள். இனி அவர் உங்கள் தெருவில் இருப்பார், பின்னேரங்களில் உங்கள் மேசையில் வந்திருந்து கதைப்பார், உங்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அவர் கதைக்கும்போது இடையில் மறிக்காதீர்கள். மறித்தால் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் பிறகு வாயே திறக்க மாட்டார், உள்ளுக்குள் நொந்து போவார். அப்போது ஒன்றும் கேட்காமல் சீனி இல்லாத பிளேன்டீ ஒன்று வைத்துவிட்டு, பக்கத்தில் சும்மா இருந்தால் போதும், தானாகத் தொடங்குவார். இது இமெல்டாவுக்கும் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும்.