குழிகளில் சமநீதி

நான்கு வட்டாரங்கள் கைகோத்து நெடுஞ்சாலையைத் திட்டமிட்டு மேம்படுத்தவும், மேம்படுத்திய செய்தியை மக்களிடையே பரப்பவும் ஒரு கூட்டுக்குழு அமைந்தது. சாலையில் போகிற ஆள் ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும் என்று விதி சொன்னது. மட்டாஞ்சேரிச் சந்தைக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சின்ன வெங்காயம் ஏற்றிவரும் சங்கரன்கோவில் லாரி டிரைவர் சுடலைமணிக்கு அழைப்பு போயிற்று. 'மாண்புறு சாலைப் பயனாளர் அவர்களுக்கு' என்று தொடங்கியிருந்தது. வெளுத்த சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார்.

மட்டாஞ்சேரியின் யூதத் தெருவான ஜூ டவுனில், ஏசி போட்ட ஒரு பழைய மிளகுக் கிடங்கில், பத்து மணிக்குக் கூட்டம். சுடலைமணி வந்து சேர்ந்தபோது பன்னிரண்டரை. இடக்கொச்சி தாண்டி ஒரு குழியில் இறங்கி லாரியின் ஸ்பிரிங் பட்டை ஒடிந்துவிட்டது. இந்த வருஷத்தில் மூன்றாவது. அந்தக் குழியை மூடச் சொல்லிக் கேட்பதென்று முடிவுகட்டிக்கொண்டு வந்தார்.

"ஏன் தாமசம்?" என்றார் தலைவி கமலாக்ஷி. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம்.

"ரோடு சரியில்லம்மா."

"ரோடு மூணாம் அமர்வில். இப்போ ஒத்துழைப்பு நடக்கறது. உட்காருங்கோ, சாயா குடியுங்கோ."

"நீங்கல்லாம் எப்படி நேரத்துக்கு வந்தீங்க?"

"படகில்," என்றார் செயலாளர் அனந்தநாராயணன். "அந்த ரோட்டில் யார் வருவா?"

மூன்றாம் அமர்வில் அவரே அறிக்கை வாசித்தார். மூன்று வட்டாரங்களில் குழிகள் சீராகப் பரவியுள்ளன. ஆலுவாப் பக்கத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை. இது ஒத்துழைப்பின் உணர்வுக்கு எதிரானது.

ஆலுவாப் பிரதிநிதி எழுந்து தலைகுனிந்தார். "கவனக்குறைவால் நடந்துவிட்டது."

"அப்ப மத்த மூணு இடத்துலயும் குழிய மூடிரலாமே?" என்றார் சுடலைமணி.

"மூட ஆறு இலாகா சம்மதம் வேணும். வெட்ட ஒருத்தர் சம்மதமும் வேண்டாம். குழாய் போடறவா யாரைக் கேட்டு வெட்டறா?" என்றார் செயலாளர்.

கரவொலி எழுந்தது. ஆலுவாவில் நாற்பது குழிகள், முதல் குழிக்கு ரிப்பன் வெட்டு விழா என்று தீர்மானம் எழுதி, பயனாளர் கையெழுத்துக்கு நீட்டினார்கள்.

சுடலைமணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நல்லா இருக்க ரோட்டக் கெடுக்கவா நான் பட்டைய ஒடிச்சிக்கிட்டு வந்தேன்? போட மாட்டேன்."

அவர் கையெழுத்து இல்லாமல் தீர்மானம் செல்லாது. அனந்தநாராயணன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"சந்தையில் தினம் முதல்ல சரக்கு இறக்கறது யாரு?"

"ஆலுவா வழியா வர்ற லாரிங்கதான். நாங்க போறதுக்குள்ள நல்ல இடத்த எல்லாம் பிடிச்சிருவாங்க."

"அவா மட்டும் எப்படி சீக்கிரம் வரான்னு யோசிச்சேளா?"

சுடலைமணி யோசித்தார். சாயா ஆடை கட்டும் வரைக்கும் யோசித்தார். பிறகு பேனாவை வாங்கினார்.

"ஆழம் எவ்வளவு சார்?"

"ஒரு அடி."

"ஒண்ணரையா வெட்டச் சொல்லுங்க."

'பொதுமக்களின் ஆலோசனை முழுமையாக ஏற்கப்பட்டது' என்று செயலாளர் குறிப்பேட்டில் எழுதினார்.