ஐந்நூறு ரூபாய் போனஸும் வேலுவுக்கு அர்ச்சனையும்

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
புதன்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான், ஓய்வுபெற்ற சுபேதார் முத்துராமலிங்கம் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் பாண்டிதுரை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம் என்று எழுதினால் பொய்யாகும். நாலு நாளாக மெஸ் சாப்பாடு. ராஜபாளையத்தில் தாங்களும், சனிக்கிழமை முதல் தங்கள் வீட்டில் இருக்கும் என் மனைவி வெங்கடேஸ்வரியும் சௌக்கியமாக இருக்க வைத்தியநாதசுவாமியை வேண்டுகிறேன். கூப்பிட்டால் தாங்கள் போனை எடுப்பதில்லை. ஆகவே கடிதம்.

தங்கள் தங்கை மலையில் நடந்ததை மட்டும்தான் சொல்லியிருப்பாள். அதற்கு முந்தியதையும் தாங்கள் அறிய வேண்டும். ஆடி மாதம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. பந்தய ஆப் ஒன்றில் சேர்ந்தால் ஐந்நூறு ரூபாய் போனஸ், கைக்காசு போடவே வேண்டாம் என்று. முப்பத்திரண்டு வருடம் சூதாடிகளைப் பிடித்தவன் நான். என்ன மோசடி என்று விசாரிக்கத்தான் சேர்ந்தேன். ஐந்நூறு வந்தது. எடுக்கப் போனால் முடியவில்லை. பத்தாயிரத்துக்கு ஆடி முடித்தால்தான் அது வெளியே வருமாம். மாட்டிக்கொண்ட ஐந்நூற்றை மீட்க என் ஆயிரத்தைப் போட்டேன். அதற்கு இன்னோர் ஆயிரம் போனஸ் தந்தார்கள். அதுவும் மாட்டிக்கொண்டது. கண்மாய்க்கரையில் சீட்டாடுகிறவன் எவனும் இப்படி முதலில் காசைக் கையில் கொடுத்து ஆளை உட்கார வைத்து நான் பார்த்ததில்லை. அப்புறம், தோற்றால் பத்து சதவீதம் திருப்பித் தருகிறோம் என்றார்கள். ஒரு வியாழக்கிழமை நான் ஜெயித்துத் தொலைத்தேன். அந்தப் பத்து சதவீதம் போயிற்றே என்று மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. ரெண்டு நாள் ஆடாமல் இருந்தால் ஒரு பெண் கூப்பிடுவாள். "சார், நீங்க எங்க விஐபி. உங்களுக்குன்னு ஸ்பெஷல் போனஸ் ஒண்ணு இருக்கு" என்பாள். சர்வீஸில் விஐபி வந்தால் என்னை வெயிலில் நிற்கச் சொல்வார்கள். அவ்வளவுதான் எனக்கும் அந்த வார்த்தைக்கும் இருந்த பழக்கம். இப்படியே கிரிக்கெட்டில் தொடங்கி, எந்த நாடென்றே தெரியாத ஊரில் நடக்கும் டேபிள் டென்னிஸ் வரை வந்துவிட்டேன். மகள் நாச்சியாரின் நர்சிங் படிப்புக்குக் கடைசி வருடக் கட்டணம் வங்கியில் இருந்தது. அதையும் தொட்டேன்.

போன சனிக்கிழமை, புரட்டாசி மூன்றாம் சனி என்று இருவரும் இங்கே எங்கள் ஊரை ஒட்டியிருக்கும் திருவண்ணாமலைக் குன்றுக்குப் பெருமாளைச் சேவிக்கப் போனோம். அன்றைய போனஸ் பகல் பதினொரு மணியோடு காலாவதி. வரிசையில் நின்றபடியே வெலுக்கோவ் என்ற ஆட்டக்காரர் மேல் பணத்தைப் போட்டுவிட்டு, அவர் பெயரையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு சன்னதிக்கு வந்துவிட்டேன். பட்டர் "யார் பேருக்கு அர்ச்சனை?" என்றதும் வாயில் அதுவே வந்துவிட்டது. கூட்ட இரைச்சலில் அவர் காதில் பாதிதான் விழுந்தது. "வேலு... என்ன நட்சத்திரம்?" என்றார்.

படி இறங்கும்போது வெங்கடேஸ்வரி கேட்டாள்: "யாருங்க அந்த வேலு?"

"தெரிஞ்ச ஆளுதான்."

"தெரிஞ்ச ஆளுக்கா அர்ச்சனை வைக்கீய? உண்மையச் சொல்லுங்க. எந்த ஊர்ல வச்சிருக்கீய? எம்புட்டு வருசமா? பையனுக்கு என்ன வயசு?"

இறங்குகிற சனமெல்லாம் நின்று பார்த்தது. மானம் போகிறதே என்று, வேலு யாரென்று போனைத் திறந்து காட்டினேன். அவள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நாச்சியார் கட்டணத்தில் மிச்சம் நானூற்றுப் பதினொரு ரூபாய். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை மச்சான். "சின்ன வீடு வச்சிருந்தாக்கூட இம்புட்டு செலவாயிருக்காதே" என்றாள். பிறகு எழுந்து, "பிள்ளைட்ட நீங்களே சொல்லுங்க, என்னால ஏலாது" என்று சொல்லிவிட்டுத் தனியாக ஆட்டோ ஏறினாள்.

அன்று சாயங்காலம் விடுதியில் இருக்கும் நாச்சியாரிடம் போனில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பா, சாப்ட்டீயளா?" என்று கேட்டது பிள்ளை. எந்த விசாரணையிலும் இப்படி ஒரு கேள்விக்கு நான் தலைகுனிந்ததில்லை. அன்றே ஆப்பை அழித்துவிட்டேன். கல்லூரிக்குப் போய்க் கட்டணத்தைத் தவணையில் கட்ட அனுமதி வாங்கினேன். வருகிற ஒன்றாம் தேதி முதல் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலை. ஆகவே வெள்ளிக்கிழமை வெங்கடேஸ்வரியைத் தயவுசெய்து பஸ் ஏற்றிவிடவும். வந்ததும் போனையும் ஏடிஎம் கார்டையும் அவள் கையில் ஒப்படைத்துவிடுவேன். இது சத்தியம்.

தங்கள் குடும்பத்துக்கு ஆண்டாள் சகல நன்மையும் அருளட்டும். பெரியவர்களுக்கு நமஸ்காரம், சிறியவர்களுக்கு ஆசி.

தங்கள் அன்புள்ள,
பாண்டிதுரை

பின்குறிப்பு: ஆப்பை அழித்தால் மட்டும் போதாது, கணக்கையும் முறைப்படி மூட வேண்டும் என்று பட்டதால் சற்று முன் அதை மறுபடி போனில் இறக்கினேன். மூடப் போகிற நேரத்தில், திரும்பி வந்ததற்கென்று இரண்டாயிரம் போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வரைதான் செல்லும். சும்மா கிடக்கிற பணம், பிள்ளையின் தவணைக்கு ஆகும். எனவே வெங்கடேஸ்வரியை வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டாம், திங்கட்கிழமை போதும். கடிதத்தை அவளிடம் வாசித்துக் காட்டுமுன் இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழித்துவிடவும்.