நாற்பது பேருக்கும் பிடித்துப்போன ஆப்

அன்பு மருமகன் ஹென்றிக்கு, தூத்துக்குடியிலிருந்து மாமா இஞ்ஞாசி எழுதுவது. பனிமய மாதா தயவில், என் முழங்கால் நீங்கலாக, வீட்டில் அனைவரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

எந்தக் கப்பல் எந்த பெர்த்தில் நிற்கிறது, கன்டெய்னர் எப்போது வெளியே வரும் என்று லாரிக்காரர்களுக்குச் சொல்லும் உன் ஆப்பை நம்பி, வெள்ளிக்கிழமை வேலையை விடப்போவதாக உன் அம்மா சொன்னாள். போனில் பேசினால் என்னைப் பேசவிட மாட்டாய், அதனால்தான் கடிதம். வேலையை விடாதே ராசா. ஆப் பிடித்திருக்கிறது என்று சொன்னதாக முதலீட்டாளரிடம் நீ காட்டப்போகிற அந்த நாற்பது பேரும் நான் பிடித்துக் கொடுத்த ஆட்கள். அதில் பாதிப்பேர் என்னோடு ஓய்வுபெற்றவர்கள், லாரியே கிடையாது. ஈஸ்டருக்கு வந்தபோது நோட்டும் கையுமாக "ஆப் நல்லாருக்கா?" என்று கேட்டாயே, அப்போது உன் மாமி எல்லோர் கையிலும் மக்ரூன் தட்டைக் கொடுத்திருந்தாள். தின்றுகொண்டே எவன் குறை சொல்வான்? எட்டு லாரி வைத்திருக்கும் சுடலைக்கண்ணனிடம் நேற்று தனியாகக் கேட்டேன். "என்ன வே, ஒம்ம மருமவன் அம்புட்டு ஆசையா கேக்கான், நல்லால்லன்னு எப்படிச் சொல்ல? எங்க டிரைவரு ஹார்பர் கேட்டுல நிக்க ஆளுக்குத்தான் போன் போடுதான்" என்கிறார்.

இனிமேல் நல்லாருக்கா என்று கேட்காதே. நேற்று லாரி எதனால் நின்றது என்று கேள். அதற்கு ஒருத்தனும் பொய் சொல்ல மாட்டான், வாய் வலிக்கத் திட்டுவான், அதை எழுதிக்கொள். முப்பத்தோரு வருஷம் துறைமுகத்தில் மூட்டை எண்ணியவன் சொல்கிறேன். அப்போதெல்லாம் விடிந்ததும் என்னோடு வேலை பார்த்த மூஸா நெய்னா சைக்கிளில் வந்து, "வே, மூணாவது பெர்த்துல தேக்கு வந்திருக்கு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவான். பாதி இட்லியோடு ஓடுவேன். அந்த ஈரத் தேக்கு வாசனை சட்டையிலேயே இருக்கும், உன் மாமி எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. இப்போது எங்களைத் துறைமுக கேட்டுக்குள் விடுவதில்லை. சொன்னால் சிரிப்பாய், எனக்கு அந்த நாட்கள் வேண்டும் போல இருக்கிறது ஹென்றி.

எங்கேயோ போய்விட்டேன். ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போடு. மாதா உனக்கு நல்ல புத்தியும் நல்ல பசியும் தரட்டும்.

உன் மாமா,
இஞ்ஞாசி

பி.கு.: உறையை ஒட்டும்போது வாசலில் ஒரே கூச்சல். மூஸா நெய்னாவோடு ஏழு பென்ஷன்காரர்கள். உன் ஆப் காலையிலிருந்து திறக்கவில்லையாம். "எந்தக் கப்பலு வந்திருக்குன்னு பாக்காம டீ எறங்க மாட்டேங்கு வே! மாசாமாசம் காசு வேணும்னாலும் வாங்கிக்கிடட்டும், ஆப்பைத் தொறக்கச் சொல்லும்!" என்கிறான். தினமும் பார்க்கிறார்களாம். நானும்தான் பார்க்கிறேன், வெட்கமாக இருந்ததால் மேலே எழுதவில்லை. வெள்ளிக்கிழமை வரை எதற்கு உட்கார்ந்திருக்கிறாய்? இன்றைக்கே வேலையை விட்டுவிட்டு இதைச் சரிபண்ணு. ஒருத்தனும் வாசலை விட்டு நகர மாட்டேன் என்கிறான்.